வந்தாலும் வரும்

ஜூன் 4

அன்புள்ள மதகுக்காரிக்கு,

அன்பு இருக்கிறதா என்று கேட்காதே. கடிதத்தை எப்படியாவது தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன்.

என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். கூப்பிடும்போதெல்லாம் ஒரு பெண் "நீங்கள் அழைக்கும் எண்ணைத் தற்போது தொடர்புகொள்ள இயலாது" என்கிறாள். அவ்வளவு மரியாதையாக நம் குடும்பத்தில் யாரும் என்னிடம் பேசியதே இல்லை என்பதால் நாலைந்து தடவை போட்டுக் கேட்டேன். அப்புறம் கோபம் வந்துவிட்டது. அதனால்தான் காகிதம். உன் அண்ணன் சிமெண்டு ஏற்றிக்கொண்டு உன் மதகைத் தாண்டித்தானே போகிறார், கொண்டுபோய்க் கொடுங்கள் என்றேன். "நான் வெறும் தபால்காரன். உள்ள என்ன எழுதியிருக்குன்னு எங்கிட்ட சொல்லக் கூடாது. பஞ்சாயத்துக்கும் கூப்பிடக் கூடாது" என்றார். லாரி ஓட்டுகிறவருக்குத் தன் வீட்டுச் சண்டையை மட்டும் சுற்றிக்கொண்டு போகத் தெரிந்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று செங்கல் சூளைக்காரர் அளவு நாடாவோடு நம் வரப்பில் வந்து நின்றார். "உங்க நாத்தனார் அவங்க பாதியை எனக்குக் கொடுக்கறதா சொல்லிட்டாங்க. மண்ணு நல்லா இருக்கு, செங்கலுக்குன்னே பொறந்த மண்ணு" என்றார்.

மாமா நிலத்தைப் பிள்ளைகள் இருவருக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்தார். மேல்பாதி உனக்கு, கீழ்ப்பாதி எங்களுக்கு. கால்வாய்த் தண்ணீர் உன் பாதி வழியாகத்தான் என் பாதிக்கு வர வேண்டும். உன் பாதியில் மண்ணை வெட்டி எடுத்தால் அது குளமாகிவிடும், என் பாதிக்கு ஒரு சொட்டு வராது. நீ விற்கப்போவது பாதி நிலம் இல்லை, முழு நிலம். இதைத் தெரிந்து செய்கிறாயா, தெரியாமல் செய்கிறாயா?

அந்த விருந்தில் நான் சொன்னதற்கா இவ்வளவும்? நான் பொய் சொன்னேனா? போன வருஷம் விதைக்கும் முன் "தண்ணி வருமா?" என்று உன்னைக் கேட்டேன். "வரும்" என்றாய். நம்பி நெல் போட்டேன். கதிர் தலை காட்டும் நேரத்தில் கால்வாய் வெடித்துக் கிடந்தது. அந்த எரிச்சலில்தான் "மதகைச் சுத்தற கை நம்ம வீட்டுக் கை. அப்பவும் நம்ம வயலுக்குத் தண்ணி இல்ல" என்றேன். நீ தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாய். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நானும் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டேன்.

இந்த ஒரு பருவம் மட்டும் பொறு. அதுவரை கையெழுத்துப் போடாதே.

இப்படிக்கு,
உன் அண்ணி (கால்வாய் முடிகிற இடத்தில் காத்துக் கிடக்கும் கடைமடைக்காரி)


ஜூன் 9

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணன் ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு வண்டியை நிறுத்தாமலே போய்விட்டார்.

நான் "வரும்" என்றுதான் சொன்னேன். "வந்துடும்" என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றா? வானம் மூடியிருக்கும்போது "மழை வரும், குடை எடுத்துக்கோ" என்கிறோமே, அந்த வரும்தான் நான் சொன்ன வரும். வராமலும் போகும். உறுதியாகத் தெரிந்திருந்தால் "வந்துடும் அண்ணி, போடுங்க" என்றல்லவா சொல்லியிருப்பேன்? நீங்கள் "வரும்" என்பதைக் கேட்டுக்கொண்டு போய் "வந்துடும்" என்று விதைத்தீர்கள். அப்புறம் ஊரார் முன்னால் என் கையைக் குற்றம் சொன்னீர்கள்.

அந்தக் கை என்ன செய்கிறது என்று ஒருநாளாவது வந்து பார்த்திருக்கிறீர்களா? இங்கே ஒரு இரும்புச் சக்கரம் இருக்கிறது. அதைச் சுற்றினால் பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக ஏறும், மதகுக் கதவு தூக்கும். எத்தனை பல் என்பதை அலுவலகம் சொல்லும். அணையில் இருக்கும் தண்ணீரையும் மலையில் பெய்யும் மழையையும் பார்த்துவிட்டு அவர்கள் முடிவு செய்வார்கள். காலையில் ஒன்று சொல்லிவிட்டு மாலையில் மாற்றுவார்கள். உத்தரவு இல்லாமல் ஒரு பல்கூட நான் நகர்த்த முடியாது. எனக்கே தெரியாததை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்?

நிலத்தை ஏன் விற்கிறேன் என்கிறீர்கள். அந்த நிலம் இருக்கும்வரை ஒவ்வொரு பருவமும் என்னிடம் தேதி கேட்பீர்கள். தப்பினால் நான்தான் குற்றவாளி. எனக்கு அலுத்துவிட்டது.

சூளைக்காரர் அக்டோபர் வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். காத்திருக்கட்டும். உங்களுக்காக இல்லை, எனக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால்தான்.

மதகுக்காரி


ஜூன் 12

அடியே மதகுக்காரி,

கண்டுபிடித்துவிட்டேன்! முதலில் எங்காவது உட்கார். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே படிக்காதே.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே உன் அண்ணனிடம் திட்டித் தீர்த்தேன். "வரும்னா வேறயாம், வந்துடும்னா வேறயாம். இலக்கணம் நடத்தறா உங்க தங்கச்சி!" என்றேன். பஞ்சாயத்து வேண்டாம் என்று சொன்ன மனிதர் வாயில் சோற்றோடு, "வேறதானே? டிப்போவுல 'லோடு வரும்'னு சொன்னா நான் தூங்கப் போவேன். 'வந்துடும்'னு சொன்னாத்தான் வண்டியைத் துடைப்பேன்" என்றார். என் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றுவிட்டது.

லாரிக்காரருக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியாமல் போனது? இத்தனை வருஷமாக நான் உன்னிடம் "தண்ணீர் எப்போ வரும்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியாது. உன் அலுவலகத்துக்கும் தெரியாது. நான் கேட்டிருக்க வேண்டியது உன்னை இல்லை, பயிரை. "தண்ணீர் வரலன்னா நீ என்னடி பண்ணுவே?" என்று ஒவ்வொரு பயிரையும் நிற்க வைத்துக் கேட்டிருக்க வேண்டும்!

கேட்டுவிட்டேன். நெல் சொல்கிறது, "செத்துப்போவேன்." எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி அது. ஏறினால் கடைசி ஊரில்தான் இறங்க முடியும், நடுவில் டீசல் தீர்ந்தால் எல்லோரும் நடுரோட்டில். "வந்துடும்" என்று யாராவது சத்தியம் செய்தால் மட்டுமே அதைப் போடலாம். சோளம் டவுன் பஸ். தண்ணீர் நின்றால் இலையைச் சுருட்டிக்கொண்டு காத்திருக்கும், வந்ததும் மறுபடி கிளம்பும். கடைசிவரை வந்தால் தானியம். பூக்கும் நேரத்தோடு நின்றுபோனால் பச்சையாக அறுத்துப் பால்பண்ணைக்குத் தீவனமாகக் கொடுக்கலாம். நடு ஸ்டாப்பில் இறங்கினாலும் வீடு வந்து சேரலாம். "வரும்" என்ற சொல்லுக்கு அதுதான் பயிர். பச்சைப்பயறு அவசரக்காரி, வருமோ வராதோ என்று நாம் யோசிக்கும் முன்னாலேயே காய்த்து முடித்துவிடும். அது "வரலாம்" பயிர். எள்ளைக் கேட்டேன். முளைக்கும்போது ஒரு நனைப்பு போதுமாம், அதற்குப் பிறகு தண்ணீர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதாம். அதற்கு நான் வைத்த பெயர் "வந்தாலும் வரும்."

வயலை முழுக்க ஒரே பயிராகப் போடப்போவதில்லை. உன் வினைச்சொற்களுக்கு ஒவ்வொரு துண்டு! நீ இனிமேல் தேதியே சொல்ல வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன், எழுதிக் கொடுக்கிறேன். அக்டோபரில் வயலைப் பார்த்துவிட்டு உன் முடிவைச் சொல். அதுவரை உன் பாதியையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

எனக்குத் தூக்கமே வரவில்லை. (இது வந்தாலும் வரும்.)

கடைமடைக்காரி


ஜூன் 18

அண்ணிக்கு,

மதகு மேடையில் உட்கார்ந்து படித்தேன். காகிதத்தில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை படித்தபோது ஒட்டியது, முதல் தடவை இல்லை.

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். கோபத்தோடேயே சிலவற்றைக் கேட்கிறேன்.

எள்ளைக் கீழ்ப்பாதியில் போடுவதாக இருந்தால் முதலிலேயே மறந்துவிடுங்கள். கீழே தண்ணீர் தேங்கும். எள் வறட்சியைத் தாங்கும், காலில் ஈரம் நின்றால் தாங்காது. என் பாதியில் போடுங்கள், அதுதான் மேடு. ஆனால் வாய்க்கால் திரும்பும் மூலையில் என் கரை பலவீனம். சின்ன வயதில் நானும் அண்ணனும் நண்டு பிடிக்கத் தோண்டித் தோண்டிக் கெடுத்த கரை அது. பெரிய தண்ணீர் வந்தால் அங்கேதான் உடையும். கல்லும் மண்ணும் போட்டுக் கட்டுங்கள்.

சோளம் எந்தெந்த ஸ்டாப்பில் நிற்கும் என்று பெருமையாகச் சொன்னீர்கள். எந்த ஸ்டாப்பில் நிற்காது என்று சொல்லவில்லை. முழங்கால் உயரத்தில் வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் விஷம் ஏறியிருக்கும் என்றும், மேய்ந்த மாடு பிழைக்காது என்றும் இங்கே மாட்டு டாக்டர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த உயரத்தில் தண்ணீர் நின்றால் தீவனமாகவும் இறங்க முடியாது, தானியமும் இல்லை. அப்போது என்ன செய்வீர்கள்?

ஒரு ஒப்பந்தம். இனி நான் எழுதுவதில் "வரும்" என்றால் வரும், "வரலாம்" என்றால் வரலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல்லும் நீங்களாகச் சேர்த்துப் படிக்கக் கூடாது. "வந்துடும்" என்று நான் சொல்லும் நாள் வந்தால், அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

முதல் திறப்பு இந்த மாதக் கடைசியில் வரும்.

மதகுக்காரி

பின்குறிப்பு: பயறுக்கும் எள்ளுக்கும் நடுவில் வரப்பைக் கொஞ்சம் உயர்த்துங்கள். சும்மா தோன்றியது.


ஜூலை 1

மதகுக்காரிக்கு,

வந்தது! நீ எழுதியது "வரும்", நான் படித்ததும் "வரும்", வந்ததோ வந்தேவிட்டது! தண்ணீர் வாய்க்காலில் தலையை நீட்டியபோது நான் போட்ட கூச்சலில் பக்கத்து வயல் கொக்கெல்லாம் பறந்துவிட்டது.

விதைத்தாயிற்று. உன் பாதியில் எள்ளும் பயறும், என் பாதியில் சோளம். மூலையில் கரையைக் கட்டினேன். நீங்கள் நண்டு பிடித்த பொந்து ஒவ்வொன்றிலும் என் முழங்கை போகிறது, நல்ல குடும்பம்டி உங்கள் குடும்பம். உயர்த்தச் சொன்ன வரப்பையும் உயர்த்திவிட்டேன்.

ஒரே ஒரு தகராறு. உன் அண்ணன் வயலைச் சுற்றி வந்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "நெல் இல்லாத வயலை நான் பார்த்ததே இல்ல" என்றார். தபால்காரர் பஞ்சாயத்துக்கே வந்துவிட்டார். போனால் போகிறது என்று கீழ்க்கோடியில் இருக்கும் பள்ளத்தை மட்டும் நெல்லுக்குக் கொடுத்தேன். நம் வயலில் "வந்துடும்" என்ற சொல்லுக்கு அந்தப் பள்ளம்தான்.

மேல்வயல்காரர் தன் வயல் முழுக்க நெல் நட்டிருக்கிறார். நம் வரப்பில் நின்று, "என்னம்மா, இது வயலா, ஒட்டுப்போட்ட போர்வையா?" என்று சிரித்தார். "போர்வைதான் அண்ணே, குளிர் எந்தப் பக்கம் வந்தாலும் இழுத்துப் போத்திக்கலாம்" என்றேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை, யோசித்தார்.

முழங்கால் உயரச் சோளத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அந்த உயரத்தில் தண்ணீர் நிற்காமல் இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். என் நம்பரை இன்னுமா தடுத்து வைத்திருக்கிறாய்? கேட்கவில்லை, சும்மா எழுதினேன்.

கடைமடைக்காரி


ஜூலை 16

அண்ணிக்கு,

மூடச் சொல்லி உத்தரவு. மலையில் மழை இல்லை, அணையில் சேறு தெரிகிறது. இன்று காலை கதவை இறக்கிவிட்டேன். கடைசிப் பல் விழும்போது வரும் சத்தம் எனக்குப் பிடிக்காது. இன்றைக்கு இன்னும் பிடிக்கவில்லை.

எப்போது திறக்கும் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். கேட்காமல் இருப்பதும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

சோளம் எவ்வளவு உயரம்?

மதகுக்காரி


ஆகஸ்ட் 5

மதகுக்காரிக்கு,

முழங்கால் உயரம். நீ பயந்த அதே உயரம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பயறு உன்னையும் என்னையும் லட்சியமே செய்யவில்லை. நிலத்தில் மிச்சமிருந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு பூத்துப் பிஞ்சும் விட்டுவிட்டது. எள்ளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது மட்டும் மினுமினு என்று நிற்கிறது.

பள்ளத்து நெல் போய்விட்டது. உன் அண்ணன் போய் ஒரு பிடி பிடுங்கிப் பார்த்துவிட்டு வந்து, லாரிக்குக் காற்று அடிக்கப் போய்விட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் இந்தத் தடவை உன்மேல் ஒரு துளிக் கோபமும் வரவில்லை. "வந்துடும்" என்று நீ சொல்லவில்லை, நாங்களே சொல்லிக்கொண்டோம்.

சோளம்தான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. மதியத்தில் எல்லா இலையும் குழல் குழலாகச் சுருண்டு வெறும் குச்சியாக நிற்கிறது. காலையில் போனால் லேசாகப் பிரிந்திருக்கிறது. உயிர் இருக்கிறது, காத்திருக்கிறது. ஆனால் எத்தனை நாள்? நீ சொன்னது சரிதான், இந்த ஸ்டாப்பில் கதவு திறக்காது. வாடின சோளத்தை அறுத்துக் கொடுக்கவும் முடியாது, மாடு நுழையாமல் காவல் வேறு காக்க வேண்டியிருக்கிறது. சுற்றிலும் முள் கட்டிவிட்டேன், கையெல்லாம் கீறல்.

சூளைக்காரர் மறுபடி வந்தார். சுருண்ட சோளத்தைப் பார்த்துவிட்டு, "மண்ணு மட்டும்தான்மா ஏமாத்தாது" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு அழுகை வந்தது, அவர் போன பிறகுதான் அழுதேன்.

கடைமடைக்காரி


ஆகஸ்ட் 8

அண்ணி,

இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

குடிதண்ணீருக்காகக் கொஞ்சம் திறந்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். கீழே உள்ள ஊர்களின் தொட்டிகளுக்குப் போகிற தண்ணீர். காவல் மாறும் நேரத்தில் இங்கே நான் மட்டும்தான் இருப்பேன். ஒரு பல் கூடுதலாகத் தூக்கினால் யாருக்கும் தெரியாது. அந்த ஒரு பல், சோளத்தை ஒருமுறை நனைக்கப் போதும்.

எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், செய்ததில்லை. உங்களுக்குச் செய்கிறேன். அண்ணனிடம் "சரி" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

மதகுக்காரி


ஆகஸ்ட் 9

என் கண்ணே,

கிழித்துவிட்டேன். அடுப்பில் போட்டு, சாம்பலையும் கிளறிவிட்டேன்.

வேண்டாம். வேண்டவே வேண்டாம். உன் அண்ணனிடம் "சரி" என்று சொல்லி அனுப்பாமல் இதை எழுதி அனுப்புகிறேன், அதுவும் இன்றைக்கே. வேறு பக்கம் லோடு போக இருந்தவரைச் சண்டை போட்டு உன் பக்கம் திருப்பி விட்டிருக்கிறேன்.

அது யாரோ குடிக்க வேண்டிய தண்ணீர் என்பது ஒன்று. மாட்டிக்கொண்டால் உன் வேலை போகும் என்பது இன்னொன்று. இரண்டும் உனக்கே தெரியும், தெரிந்தேதான் எழுதியிருக்கிறாய். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ இன்றைக்கு ஒரு பல் தூக்கினால், அடுத்த பருவம் விதைக்கும்போது என் மனம் அந்தப் பல்லையும் சேர்த்துத்தான் கணக்குப் போடும். "நம்ம வீட்டுக் கை இருக்கு, கடைசியில பார்த்துக்கும்" என்று மறுபடி முழுக்க நெல் போடுவேன். மறுபடி உன்னிடம் தேதி கேட்பேன். நாம் இரண்டு பேரும் இவ்வளவு நாள் யோசித்து யோசித்துக் கட்டியது எல்லாம் அந்த ஒரு பல்லில் போய்விடும்.

தண்ணீரை நம்பாத பயிரைத்தானே போட்டிருக்கிறேன்? அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். சோளம் செத்தால் சாகட்டும். பயறும் எள்ளும் இருக்கின்றன. நீ அக்டோபரில் விற்பதென்றால் விற்றுக்கொள்.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டுக்குள் நான் மட்டும் தையத்தக்கா என்று குதித்தேன். என் நம்பரைத் தடுத்து வைத்திருப்பவள் எனக்காக மதகைத் தூக்குகிறேன் என்கிறாள்! எனக்கு அது போதும்டி. வயல் நனைந்த மாதிரிதான் இருக்கிறது.

உன் அண்ணி


ஆகஸ்ட் 29

அடியே! அடியே!

பிரிந்துவிட்டது! உத்தரவு வந்து நீ மதகைப் பாதி திறந்தாயே, அந்தத் தண்ணீர் வந்து தொட்ட மறுநாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், சோளம் முழுக்கச் சுருளைப் பிரித்துக்கொண்டு நிற்கிறது! இத்தனை நாளும் செத்த மாதிரி நடித்திருக்கிறது, கள்ளி. மேல்வயல்காரர் காய்ந்துபோன நெல்லை உழுது மடக்கிவிட்டார். பிழைத்த சோளத்தைத் தடவிப் பார்த்து, "இதுக்கு எவ்வளவு விதை பிடிச்சது?" என்று கேட்டார். பயறைப் பறித்து மூட்டை கட்டிவிட்டேன். ஒரு பை உனக்கு, லாரியில் வருகிறது. எழுதக் கை நிற்கவில்லை, மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

கடைமடைக்காரி


செப்டம்பர் 24

என் மதகுக்காரிக்கு,

நீ ஒரே ஒரு சொல்தான் சொன்னாய். "அலோ" கிடையாது, "அண்ணி" கிடையாது. இத்தனை மாதம் ஊமையாகக் கிடந்த போனில் உன் பெயர் வந்ததைப் பார்த்து நான் "என்னடி, என்னாச்சு?" என்று பதறுகிறேன். பின்னால் கடகடவென்று சக்கரம் சுற்றும் சத்தம். "வந்துடும்!" என்று கத்தினாய், வைத்துவிட்டாய்.

நான் எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு, எப்போது, எதனால் என்று ஒன்றுமே கேட்கத் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று எழுதியிருந்தாயே. நான் கண்ணை மூடவில்லை, ஓடினேன்.

உன் மதகிலிருந்து இங்கே வரத் தண்ணீருக்கு ஒரு நாள் ஆகும், மறுநாள் பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். எள் அறுப்புக்கு இன்னும் ஓரிரு நாள் விடலாம் என்று வைத்திருந்தேன், அடிக்காய் மஞ்சளாகியிருந்தது. தண்ணீரில் நின்றால் அழுகும். தெருவில் ஓடி ஓடி எல்லோரிடமும் சொன்னேன். மேல்வயல்காரர் காய்கறிப் பாத்தியில் நின்றுகொண்டு, "வரும்னு சொன்னாங்களா?" என்றார். "வரும்னு சொல்லலண்ணே, வந்துடும்னு சொன்னா!" என்றேன். மனிதர் உடனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

தெருவே வந்து கை கொடுத்தது. அறுத்த எள்ளை எங்கே வைப்பது? வரப்பெல்லாம் ஈரமாகிவிடுமே. உன் அண்ணன் லாரியைத் துடைத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். "வந்துடும்னு சொன்னாத்தானே துடைப்பேன்" என்றார். சிமெண்டு ஏற்றும் வண்டியில் எள்ளுக் கட்டுகளை நிற்கவைத்து அடுக்கினோம். கடைசிக் கட்டு ஏறி முடித்த கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் இரைந்தது. நீ சொன்ன அதே மூலையில் கரை உடைந்தது. நான் கட்டினதும் போயிற்று, உங்கள் நண்டும் போயிற்று. உன் பாதி முழுக்க வெள்ளம், ஆனால் அங்கே எள்ளின் தாள் மட்டும்தான் நின்றது. தண்ணீர் அதைத் தாண்டி இறங்கி, என் பாதியில் கதிர் வாங்கிக்கொண்டிருந்த சோளத்தின் காலடியில் போய் நின்றது. அந்த நேரத்தில் அதற்கு வேண்டியிருந்தது அதுதான்!

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து உன் அண்ணன் பயந்துவிட்டார். இப்போது ஒவ்வொரு கதிரும் என் கை அளவு. தீவனமாக இறங்க வேண்டியதில்லை, டவுன் பஸ் கடைசி ஊருக்கே போய்ச் சேரப்போகிறது.

அக்டோபர் வந்துகொண்டிருக்கிறது. உன் முடிவை நான் கேட்கப்போவதில்லை, பேச்சு பேச்சுதான். கேட்கக் கூடியது ஒன்றை மட்டும் கேட்கிறேன். சோளம் அறுக்க வருவாயா?

உன் அண்ணி


செப்டம்பர் 28

அண்ணி,

அன்றைக்குப் போனை எடுத்து உங்கள் நம்பரை விடுவிக்க எனக்குக் கை இல்லை. எல்லாக் கதவையும் தூக்கச் சொல்லி உத்தரவு, மலையில் அப்படி ஒரு மழை. இரண்டு கையும் சக்கரத்தில். காவலாளியைக் கூப்பிட்டு, "அண்ணின்னு இருக்கும், தடுப்பை எடுத்துட்டுப் போடுங்க, என் காதுல வையுங்க" என்றேன். நீங்கள் எடுத்ததும் நான் சொல்ல நினைத்தது எவ்வளவோ. வாயில் வந்தது அந்த ஒரு சொல்தான். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அதை யாரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே அழுதேன், காவலாளி கிரீஸ் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

சூளைக்காரர் நேற்று மதகுக்கே வந்தார். பத்திரம் தயார், கையெழுத்துதான் பாக்கி என்றார். "என் பாதி எள்ளு நிலம், கொடுக்க மாட்டேன்" என்றேன். "தண்ணி இல்லாத காட்டுல அடுத்த வருஷம் என்னத்தம்மா போடுவீங்க?" என்றார். "அதை என் அண்ணி பயிர்கிட்ட கேட்டுச் சொல்லுவாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கவும் எனக்கு நேரம் இல்லை, கதவை ஒரு பல் இறக்க வேண்டியிருந்தது.

நிலம் நம்முடையதாகவே இருக்கட்டும். அந்த மூலைக் கரையை மட்டும் இனி நான்தான் கட்டுவேன், கெடுத்தது நான். பள்ளத்தில் அடுத்த தடவை என்ன போடுவது என்று எனக்கு ஒரு யோசனை இருக்கிறது, அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார், நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அலுவலகத்திலிருந்து உத்தரவு இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள். உத்தரவு இல்லாமல் ஒரு பல்கூட நகர்த்தாதவள் நான் என்று உங்களுக்குத் தெரியும்.

சோளம் அறுக்க வருவாயா என்று கேட்டிருந்தீர்கள். "வருவேன்" என்று எழுதி, அதை அடித்திருக்கிறேன். மேலே கோடு தெரிகிறதா? அதற்குக் கீழே எழுதியிருப்பதைக் கவனித்துப் படியுங்கள், ஒரு சொல்லையும் சேர்க்க வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

வந்துடுவேன் அண்ணி.